பாடநூலின் முகப்பில் விடுபட்ட சொல்
சிறுபிள்ளைகளுக்குச் சமத்துவம் கற்பிக்கும் வாசகம் ஒன்றன் திறனாய்வு

திறனாய்வு என்றவுடன் பெருநூல்களையே எடுத்துக்கொள்வது அறிஞர் வழக்கம். ஓரிரு வரிகளேயான ஒரு வாசகத்தை நாம் இங்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அவ்வாசகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முதற்பக்கங்களில் அச்சாகி, மாநிலத்தின் எல்லா ஊர்களிலும் உள்ள பிள்ளைகளின் கைகளுக்குச் செல்கிறது. தீண்டாமையைக் கண்டிக்கும் அவ்வாசகத்தை அறியாத தமிழ் மாணவர் இலர்; அதை நின்று படித்துப் பொருள் ஆராய்ந்தவர் மிகச் சிலரே. நம் திருச்சபைப் பிள்ளைகளும் அதே நூல்களையே கற்கின்றனர். ஆதலின் அது பிள்ளைகளிடம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லத் தவறுகிறது என ஆராய்வது ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் உரிய பணியே ஆகும்.

1. மூன்றும் இரண்டும்

முன்னைய பாடநூல்களில் அவ்வாசகம் மூன்று வரிகளால் ஆனதாயிருந்தது. முதல் வரி தீண்டாமையைப் பாவம் என்றது. இரண்டாம் வரி குற்றம் என்றது. மூன்றாம் வரி மனிதப் பண்புக்கு ஒவ்வாதது என்றது. சமயம், சட்டம், மனிதம் ஆகிய மூன்று மன்றங்களின் முன்னும் தீண்டாமையை நிறுத்தி, மூன்றிலும் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது அது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களிலோ அது ஒரே தொடராகச் சுருங்கியுள்ளது. மனிதநேயத்திற்கு மாறானது என்பதும் பெருங்குற்றம் என்பதும் அதில் உள்ளன. பாவம் என்னும் சொல் இல்லை.

இம்மாற்றம் பொதுமக்களிடையே பெரிதாகப் பேசப்படவில்லை. பாவத்தைப் பற்றியே வாரந்தோறும் பேசும் நம் பிரசங்க பீடங்களிலும் இது கவனிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. மாற்றத்திற்கு உரிய காரணம் எதுவாயினும், அதனை அரசின் குறையாக நாம் கூறப்போவதில்லை. பாவம் இன்னது எனத் தீர்ப்பது அரசின் வேலை அன்று. மேலும், அச்சொல்லுக்கு நம் நாட்டில் வேறொரு வரலாறும் உண்டு. முற்பிறவியில் செய்த பாவத்தின் பயனே தாழ்ந்த பிறப்பு என்று ஒடுக்கப்பட்டோரிடமே பன்னெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. அடித்தவனை விட்டு அடிபட்டவனைச் சுட்டுவதற்குப் பயன்பட்ட ஒரு சொல்லை ஏழு வயதுப் பிள்ளையின் நூலிலிருந்து அகற்றுவதற்கு நியாயம் உண்டு. ஆனால் அரசு கைவிட்ட அச்சொல் இப்போது யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதே நம்முன் நிற்கும் வினா.

2. வாசகத்தின் மொழி

வினாவுக்கு விடை காணுமுன் அவ்வாசகத்தின் மொழியை நோக்குவோம். அது பிள்ளைகளுக்கு எழுதப்பட்டதா என்பதே முதலில் ஐயத்திற்குரியது. முதல் வகுப்பு நூலில் அகரம் கற்பிக்கப்படுவதற்கு முன்னரே அது அச்சாகியுள்ளது. எழுத்தறியாத பிள்ளை அதைப் படிக்க இயலாது; படிக்கத் தெரிந்தவுடன் அது பழகிப்போன பக்கமாகிவிடும். ஆறாம் வகுப்புக் குடிமையியலில் சமத்துவம் பற்றிய பாடம் இடம்பெற்றிருப்பது பாராட்டுக்குரியது. எனினும் அதற்கு முன்னுள்ள ஐந்து ஆண்டுகள் அவ்வரி விளக்கம் ஏதுமின்றியே நிற்கிறது.

அடுத்து, தீண்டாமை என்னும் சொல்லின் வடிவத்தைக் காண்க. திருக்குறளின் அதிகாரப் பெயர்களை மனப்பாடம் செய்யும் பிள்ளை கள்ளாமை, கொல்லாமை, வெஃகாமை, புறங்கூறாமை, அழுக்காறாமை என்னும் சொற்களைக் கற்கிறது. இவையெல்லாம் நற்பண்புகள், தீயதைச் செய்யாது விடுவதே இவற்றின் பொருள். கல்லாமை போன்று குற்றத்தைக் குறிப்பனவும் உண்டாயினும், இவ்வடிவம் பெரிதும் அறத்தின் வடிவமாகவே பிள்ளையின் காதில் பதிகிறது. தீண்டாமையும் அதே அச்சில் வார்க்கப்பட்ட சொல். எதையோ தொடாமல் இருப்பது என்பதே அதன் நேர்ப்பொருள். நெருப்பைத் தொடாதே, பிறர் பொருளைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தொடாமல் இருப்பதில் என்ன தவறு என்று விளங்காது. தடுத்தல், ஒதுக்குதல், இழிவுசெய்தல் ஆகிய கொடுஞ்செயல்களை, செயலே அற்ற ஒன்றுபோல் இச்சொல் மறைத்துவிடுகிறது.

மூன்றாவதாக, அவ்வாசகத்தில் மனிதர் இல்லை. யார் யாரைத் தீண்டவில்லை? எங்கே? எதன் பொருட்டு? தீண்டாமை என்பது எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாமல் தானே நிகழும் ஒன்றாகத் தோன்றுகிறது. செய்தவரைச் சொல்லாத கண்டனம் எவரையும் உறுத்துவதில்லை. தமிழ்நாடெங்கும் அவ்வரி எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நான்காவதாக, பாவம் என்னும் சொல்லே தமிழ்ப் பிள்ளைக்கு இருபொருள் உடையது. அது முதலில் கற்பது இரக்கப் பொருளையே. கீழே விழுந்த தம்பி பாவம். மழையில் நனைந்த நாய்க்குட்டி பாவம். எனவே பழைய மூன்று வரிகளில் முதல்வரியைக் கேட்ட சிறுபிள்ளை, ஒதுக்கப்பட்டவர் மீது இரக்கம்கொள்ள வேண்டும் என்று பொருள்கொண்டிருக்கக்கூடும். இரக்கம் நல்லதே, ஆனால் உரிமை வேறு, இரக்கம் வேறு. இரங்குபவர் மேலே நின்று கீழே நோக்குகிறார். உரிமையோ இருவரையும் ஒரே தரையில் நிறுத்துகிறது. நம் ஓய்வுநாள் பள்ளிகளில் ஏழைகளைப் பற்றியும் ஒடுக்கப்பட்டோரைப் பற்றியும் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் இரக்கத்தோடு நின்றுவிடுவதை ஆயர்கள் கவனித்திருப்பர்.

3. நெய்வேலியிலிருந்து படிக்கும்போது

இவ்வாசகத்தை எங்கிருந்து படிக்கிறோம் என்பதும் முக்கியம். கடலூர் மாவட்டத்து நெய்வேலி நகரியத்தை எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க 1956 நவம்பர் 14 அன்று தோன்றிய நிறுவனத்தைச் சுற்றி உருவான ஊர் இது. சுற்றியிருந்த சிற்றூர்களின் நிலங்கள் மீது, திட்டமிட்டு அமைக்கப்பட்டது. பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் பல மொழியினரும் இங்குக் குடியேறினர். தமிழ்ச் சிற்றூர்களின் அடையாளமாகிய ஊர், சேரி என்னும் பிரிவு இதன் வரைபடத்தில் இல்லை. ஒருவரின் முகவரி அவர் சாதியாரின் தெருவைக் காட்டுவதில்லை. வட்டத்தின் எண்ணையே காட்டும். வீடு கிடைப்பது பதவியின்படியே, பிறப்பின்படி அன்று. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் பழைய ஊழியக் களமாகிய தென்னார்க்காட்டில் இத்தகைய ஊர் அமைந்தது சிறிய செய்தி அன்று.

இங்கு வளரும் பிள்ளையிடம் அவ்வாசகத்தைப் படித்துக் காட்டினால், அது எங்கோ தொலைவில் நடப்பது என்றே எண்ணும். எங்கள் ஊரில் அது இல்லை என்று சொல்லவும் கூடும். ஆசிரியரும் பெற்றோரும் அவ்விடையில் மனநிறைவு அடைவர். ஆனால் அப்பிள்ளையின் கண் வேறு சிலவற்றையும் காண்கிறது. ஒரே சுரங்கத்தில் உழைப்போருள் சிலர் நிரந்தரப் பணியாளர், சிலர் ஒப்பந்தத் தொழிலாளர். முன்னவர்க்கு நகரியத்தில் வீடு உண்டு. பின்னவருள் பெரும்பாலோர் நகரியத்திற்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்து நாள்தோறும் வருகின்றனர். அவ்வூர்களில் ஊரும் சேரியும் இன்றும் வெவ்வேறாகவே உள்ளன. இத்தகைய குடியிருப்புகள் எங்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கெனத் தனியே கவிழ்த்து வைக்கப்படும் தம்ளர் ஒன்று பல சமையலறைகளில் உண்டு. அத்தம்ளரில் தான் நீர் அருந்தக்கூடாது என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளை அறிந்துகொள்கிறது.

பதவி வேறுபாடு, ஒப்பந்த உழைப்பின் அநீதி, பிறப்பால் ஒதுக்கும் தீண்டாமை ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஆனால் மூன்றும் ஒன்றன்மீது ஒன்று படிந்து கிடக்கும் இடத்தில், பிள்ளை அவற்றைப் பிரித்தறிய எவர் துணைசெய்வர்? பாடநூலின் முகப்பு வாசகம் துணைசெய்யாது. தம்ளரைப் பற்றிப் பேசினால் மட்டுமே பிள்ளைக்கு அது தன் வீட்டுச் செய்தி என்று விளங்கும்.

4. சட்டத்தின் எளிய சொற்கள்

சட்டத்தின் மொழி கடினமானது என்றும், பிள்ளைகளுக்கு எளிய அறவுரையே ஏற்றது என்றும் நாம் பொதுவாக எண்ணுகிறோம். இந்தப் பொருளில் உண்மை அதற்கு நேர்மாறானது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனைச் செயற்படுத்த 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் பிறந்தது. 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரைப் பெற்றது. குடியுரிமை என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறை நம் கவனத்திற்கு உரியது: தீண்டாமை ஒழிக்கப்பட்டதனால் ஒருவருக்குக் கிடைக்கும் உரிமை எதுவோ அதுவே அங்குக் குடியுரிமை எனப்படுகிறது. பிற நாடுகளில் வாக்குரிமையிலிருந்தும் பேச்சுரிமையிலிருந்தும் தொடங்கும் விளக்கம், நம் சட்டத்தில் தீண்டாமையிலிருந்து தொடங்குகிறது.

இனி அச்சட்டமும், அரசியலமைப்பின் 15ஆம் பிரிவும் எவற்றைப் பெயர்சொல்லிக் குறிக்கின்றன எனக் காண்க. கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை, மருத்துவமனை, பள்ளி, உணவகத்தில் பயன்படும் பாத்திரம், வழிபாட்டிடம். இவற்றுள் சிறுபிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றேனும் உண்டோ? யாரும் கடைக்குப் போகலாம், யாரும் குழாயில் நீர் பிடிக்கலாம், எந்தத் தம்ளரிலும் யாரும் குடிக்கலாம், தடுப்பவர் தண்டிக்கப்படுவார். சட்டத்தின் உள்ளீடு இதுவே. வல்லுநர்கள் எழுதிய சட்டம் பொருள்களைச் சொல்கிறது. பிள்ளைகளுக்கான வாசகம் கருத்துச் சொற்களையே அடுக்குகிறது.

வழிபாட்டிடமும் அப்பட்டியலில் உள்ளது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு சமயத்தார்க்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் அதே சமயத்தைச் சார்ந்த ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம் என்கிறது அச்சட்டம். ஆலயங்களும் இதற்கு விலக்கு அல்ல.

பிள்ளைகள் இத்தகைய செய்திகளுக்கு மிகச் சிறியவர் என்று சில பெற்றோர் கூறுவர். சாதியைப் பற்றிப் பேசினால்தான் பிள்ளைக்குச் சாதி தெரியவரும் என்பது அவர்தம் அச்சம். இதற்கு அம்பேத்கர் தம் இளமையைப் பற்றி எழுதிய குறிப்புகளே விடையாகும். பள்ளியில் அவர் தனியே ஒரு கோணியின் மீது அமரவேண்டியிருந்தது. அதையும் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். குழாயைத் தொட அவருக்கு அனுமதியில்லை. ஏவலர் வந்து திறந்துவிட்டால்தான் நீர். 1901இல் தந்தையைக் காணச் சென்ற பயணத்தில் வண்டிக்காரர்கள் அவரையும் உடன் சென்ற சிறுவர்களையும் ஏற்ற மறுத்தனர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஒன்பது. ஒதுக்கப்படும் பிள்ளைக்கு இப்பாடம் மிக இளமையிலேயே கற்பிக்கப்பட்டுவிடுகிறது. சிறுவயது என்னும் சலுகை ஒதுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே தரப்படுகிறது.

5. பிற முயற்சிகள்

பிள்ளைகளுக்குச் சமத்துவம் கற்பிக்க முயன்ற வேறு சில படைப்புகளோடு இவ்வாசகத்தை ஒப்பிடுதல் பயனுடையது. 1915இல் வெளிவந்த பாரதியாரின் பாப்பாப் பாட்டு, சாதிப் பிரிவு மெய்யன்று எனக் குழந்தையை நேரே விளித்துக் கூறிய முன்னோடிப் படைப்பு. கட்டளையாக ஒலிக்காமல், மடியில் அமர்த்திப் பேசும் குரலில் அது அமைந்தது. ஆனால் இல்லாதது என்று சொல்லப்பட்ட ஒன்றைப் பிள்ளை மறுநாளே தெருவில் காண்கிறது. இருக்கக்கூடாது என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள இடைவெளியைப் பின்வந்த ஆசிரியர்கள் நிரப்பவில்லை. இல்லை என்பதை மட்டும் திருப்பிச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் 1960 நவம்பர் 14 அன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெள்ளையர் மட்டுமே பயின்ற பள்ளி ஒன்றில் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி அரசு அலுவலர் காவலுடன் அடியெடுத்து வைத்தாள். ராபர்ட் கோல்ஸ் என்னும் மனநல மருத்துவர் அவள் கதையை 1995இல் சிறுவர் படநூலாக எழுதினார். அந்நூலில் பெயர் உண்டு; ஊர் உண்டு; வாயிலில் நின்று கூச்சலிட்ட கூட்டமும் உண்டு. தன்னை வெறுத்தவர்களுக்காக அச்சிறுமி செபித்ததையும் அது கூறுகிறது. இறையியல் நோக்கில் நாம் அங்குச் சற்று நிற்க வேண்டும். மன்னிப்பு ஒடுக்கப்பட்ட பிள்ளையின் கடமை என்றாகிவிட்டால், மனந்திரும்புதல் யாருடைய கடமை என்பது மறைந்துபோகும். எனினும் கூட்டத்தை மறைக்காமல் காட்டிய பின்னரே அந்நூல் மன்னிப்பைப் பேசுகிறது. நம் பாடநூல் வாசகத்தில் இல்லாதது அந்தக் கூட்டமே.

நெய்வேலிக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1993இல் விருத்தாசலம் வட்டத்து முதனை என்னும் ஊரைச் சார்ந்த ஏழைத் தொழிலாளி ஒருவர் கம்மாபுரம் காவல் நிலையத்தில் இறந்தார். அவர் மனைவிக்காக உயர்நீதிமன்றத்தில் வழக்காடியவர் வழக்கறிஞர் கே. சந்துரு. இவ்வழக்கைத் தழுவி 2021இல் ஜெய் பீம் என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதன் கொடுமைக் காட்சிகள் சிறுவர்க்கு உரியன அல்ல. ஆயினும் அதன் முடிவு நம் பொருளுக்கு நேராக உரியது. வழக்கறிஞர் கால்மேல் கால் போட்டு நாளிதழ் படிக்கிறார். எதிரே அமர்ந்த ஏழைச் சிறுமி ஒரு கணம் தயங்கி, அவர் தலையசைப்பைக் கண்டு, தானும் கால்மேல் கால் போட்டு நாளிதழை விரிக்கிறாள். பெரியவர் எனப்பட்டோர் முன் கால்மேல் கால் போடுவதே குற்றமாகக் கருதப்பட்ட மண்ணில், உரிமை என்பது இன்னது என்று சொல்லின்றி விளக்கும் காட்சி அது. இரக்கத்திற்கு அங்கு இடமில்லை. சமமாக அமர்தல் மட்டுமே உள்ளது.

அதே சந்துரு பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியாகி ஓய்வுபெற்றார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவருடைய பள்ளி மாணவர்களே. மாணவரிடையே சாதிப் பகையைத் தடுக்கும் வழிகளை ஆராய அரசு நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தியது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிதலைத் தடைசெய்யவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கவும் பரிந்துரைத்தது. இங்கு நாம் கூற வேண்டியது ஒன்றே. அரிவாள் எடுத்த மாணவர்களும் முகப்பில் அவ்வாசகம் அச்சான நூல்களைப் படித்து வளர்ந்தவர்களே. புத்தகத்தைப் பிடித்த கையிலேயே வண்ணக் கயிறும் இருந்தது என்பது நம் பள்ளிகளின் நிலை. கயிறு தன் பொருளைப் பிள்ளைக்குத் தெளிவாக விளக்கியது, வாசகம் விளக்கவில்லை.

6. தீட்டும் பாவமும்

இனி விடுபட்ட சொல்லுக்கு வருவோம். குற்றம் என்னும் சொல் செய்தவரைத் தண்டனைக்கு உட்படுத்துகிறது. மனிதநேயமற்றது என்னும் சொல் செயலின் தன்மையைக் கூறுகிறது. இவ்விரண்டும் இருக்க, பாவம் என்னும் சொல் எதற்கு எனக் கேட்கலாம். தீண்டாமையின் வேர் தீட்டு என்னும் கருத்தில் உள்ளது என்பதே நம் விடை. தீட்டு என்பது ஒதுக்கப்பட்டவரின் உடம்பில் கறை இருப்பதாகச் சொல்கிறது. அவர் தொட்டால் நீர் கெடும், பாத்திரம் கெடும் என்கிறது. ஒதுக்கப்பட்ட பிள்ளை இதை நம்பத் தொடங்குவதே தீண்டாமையின் மிகப் பெரிய வெற்றி. என்னிடம் ஏதோ தவறு உள்ளது, அதனால்தான் தனித் தம்ளர் என்று அப்பிள்ளை எண்ணுகிறது. சட்டம் தம்ளரை அகற்றலாம். அவ்வெண்ணத்தை அகற்ற அதனால் இயலாது.

பாவம் என்னும் சொல், கிறிஸ்தவப் பொருளில், அக்கறையை இடம்மாற்றுகிறது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், வெளியிலிருந்து உட்செல்வது மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்றும், உள்ளத்திலிருந்து புறப்படும் தீமைகளே தீட்டுப்படுத்துவன என்றும் போதித்தார். கறை தொடப்பட்டவரிடம் இல்லை. தொட மறுத்தவர் உள்ளத்தில் உள்ளது. இதனைப் பிள்ளைக்கு அதன் மொழியிலேயே சொல்லலாம்: தவறு உன்னிடம் இல்லை, உன்னை ஒதுக்கியவரிடம் உள்ளது. சட்டமும் மனிதநேயமும் சொல்ல இயலாத இச்செய்தியைச் சொல்லும் கடமை திருச்சபைக்கே உரியது. பாடநூல் கைவிட்ட சொல் இவ்வகையில் நம் பொறுப்பில் வந்து நிற்கிறது.

ஆனால் அச்சொல்லைத் தனியே எடுத்து முகப்பில் அச்சிட்டால் பயனில்லை என்பதைப் பழைய மூன்று வரிகளின் வரலாறே காட்டுகிறது. திருமறை அதை எவ்வாறு கையாளுகிறது எனக் காண்க. யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சியோடு தொடங்குகிறார். சபைக் கூட்டத்திற்கு இருவர் வருகின்றனர். பொன் மோதிரமும் மினுக்கான உடையும் அணிந்தவருக்கு நல்ல இருக்கை. கந்தை உடுத்தியவருக்கு நிற்கவோ காலடியில் அமரவோ இடம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் காட்சி இது. அதற்குப் பின்னரே, 9ஆம் வசனத்தில், பட்சபாதம் பாவம் என்றும் அதனைச் செய்வோர் சட்டத்தின் முன் மீறினவர் என்றும் கூறுகிறார். பாவமும் குற்றமும் ஒரே வசனத்தில் நிற்கின்றன; ஆனால் இருக்கைகளைக் காட்டிய பிறகே நிற்கின்றன. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார்: ஊர் அந்தியோகியா, இடம் பந்தி, விலகியவர் பேதுரு. தலைமை அப்போஸ்தலரின் பெயரையே திருமறை மறைக்கவில்லை.

நம் நாட்டுத் திருச்சபையின் வரலாற்றையும் இவ்வாறே பிள்ளைகளுக்குச் சொல்ல இயலும். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையார் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்த காலம் இருந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடுகள் உடனே ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். அதை ஏற்க மறுத்துப் பலர் சபையை விட்டு விலகினர்; வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார். பின்வந்த லைப்சிக் மிஷன் இதில் பொறுமைப் போக்கைக் கைக்கொண்டது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறும் சபையில் அமரும் இடத்திற்காக இத்தனை போராட்டம் நிகழ்ந்தது என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளை அறிந்தால், தன் சமையலறைத் தம்ளரை வேறு கண்ணோடு காணும்.

விளக்கம் தரும் முறைக்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. 1529இல் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் தரங்கம்பாடி மிஷனின் தொடக்க காலத்திலேயே தமிழாக்கம் பெற்றது. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்க எழுதப்பட்ட நூல் அது. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் அதன் பொருள் என்ன எனக் கேட்டு விடை கூறுகிறது. கொலை செய்யாமைக் கட்டளையை விளக்கும்போது, அயலானுக்கு உடலளவில் தீங்கு செய்யாதிருத்தலோடு நில்லாமல் அவனுக்கு உதவுதலையும் கட்டளையின் பொருளாகவே கூறுகிறது. எதிர்மறைச் சொல்லை நேர்ச்செயலாக மாற்றுவதே அம்முறை. பாடநூல் வாசகத்திற்கு இல்லாமற்போனது இந்த வினாவும் விடையுமே. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்னும் பெயரால் அறியப்பட்டவர், ஒரே உலையில் சமைத்து எல்லாரும் உண்ணுதலை இறையியலாகவே விளக்கிப் பாடல்கள் அமைத்தார். சமத்துவம் என்னும் கருத்துச் சொல்லுக்கு உலையையும் சோற்றையும் பொருளாகத் தந்தது அவர்தம் தனிச்சிறப்பு.

7. ஆயர்கள் செய்யத்தக்கது

ஞாயிறு பள்ளியில் இதனைக் கற்பிக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. ஒரே வகுப்பில் இருவகைப் பிள்ளைகள் அமர்ந்திருப்பர். ஒருவர் ஒதுக்கப்பட்ட பாட்டியின் பேரப்பிள்ளை. மற்றவர் ஒதுக்கிய பாட்டியின் பேரப்பிள்ளை. முன்னவரைக் காட்சிப்பொருளாக்காமலும், பின்னவரைப் பாட்டியின் செயலுக்காகக் குற்றவாளியாக்காமலும் பேச வேண்டும். அதற்குச் செயலைச் சொல்வதே வழி. பிள்ளையின் சாதியைச் சொல்வது அன்று. முதலில் ஒரு செயல்: யார், யாரை, எங்கே தடுத்தார். அடுத்து ஓர் உரிமை: அவருக்கு உரியதாயிருந்து பறிக்கப்பட்டது எது. பின்னர் ஒரு கடமை: அதைத் திருப்பித் தர யார் என்ன செய்ய வேண்டும். இம்மூன்றும் விளங்கிய பின்னரே பாவம் என்னும் சொல். அப்போது அது பரிதாபமாக ஒலிக்காது. தீர்ப்பாகவும், மனந்திரும்புதலுக்கு அழைப்பாகவும் ஒலிக்கும்.

நெய்வேலி போன்ற நகரியங்களில் ஊழியம் செய்வோர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. அங்குள்ள பிள்ளைகள் சாதித் தெருவைக் காணாமல் வளரும் அரிய வாய்ப்பைப் பெற்றவர்கள். அவ்வாய்ப்பு, எங்களிடம் அது இல்லை என்னும் தன்னிறைவாக மாறிவிடாமல் காக்க வேண்டும். நகரிய வட்டங்களின் பிள்ளைகளும் சுற்றியுள்ள சிற்றூர்ச் சபைகளின் பிள்ளைகளும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒன்றாகக் கற்று, ஒரே பந்தியில் உண்ணுமாறு ஆயர்கள் ஏற்பாடு செய்யலாம். ஒப்பந்தத் தொழிலாளியின் மகள் பாடம் வாசிக்க, அதிகாரியின் மகன் பரிமாறட்டும். மறுநாள் பணிகள் மாறட்டும். பந்தியில் தம்ளர்கள் எல்லாம் ஒரே வகையாய் இருக்கட்டும். கழுவும் முறை எல்லாருக்கும் வரட்டும். அதன்பின் பாடநூலின் முகப்பைத் திறந்து அவ்வரியைப் பிள்ளைகளோடு படித்து, அதன் பொருள் என்ன என்று ஆயர் கேட்கட்டும்.